கொழும்புத் தேயிலை ஏலம்: கூவலிலிருந்து திரைக்கு

இலங்கையில் உற்பத்தியாகும் தேயிலையில் 90 சதவீதத்துக்கும் மேலானது கொழும்பில் வாராவாரம் நடக்கும் பொது ஏலத்தில் விலைபோகிறது. ஒரே நாட்டுத் தேயிலையை விற்கும் ஏலங்களில் உலகிலேயே பெரியது இது. 1883 ஜூலை 30 அன்று தொடங்கிய இந்த ஏலம் 136 ஆண்டுகளுக்கும் மேலாக, தரகர் மேடையிலிருந்து கூவ, எதிரே அமர்ந்திருப்போர் விலை கேட்க, சுத்தியல் தட்டலுடன் விற்பனை முடியும் முறையிலேயே நடந்தது. கொவிட்-19 தொற்றால் நாடு முடங்கியிருந்த 2020 ஏப்ரல் 4 அன்று அது கணினித் திரைக்கு மாறியது. நுவரெலியா, ஹட்டன் மலைகளின் கொழுந்துக்கு விலை குறிக்கும் இடமாக இந்த ஏலம் இருந்ததால், அந்த மாற்றம் மலையகத் தோட்ட வரலாற்றிலும் ஒரு கட்டமாகும்.

மலையும் துறைமுகமும்

மலைநாட்டில் தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியை இழந்த தோட்டத் துரைமார் அவர் வழியைப் பின்பற்றினர். 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலைப் பரப்பு அந்த நூற்றாண்டின் முடிவில் 3,50,000 ஏக்கரைத் தாண்டியது. இந்தப் பரப்பைக் காடு வெட்டித் திருத்தி, நட்டு, கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து, ஆள் சேர்த்த கங்காணிமார் வழியே வந்த தொழிலாளர் குடும்பங்கள்.

கோப்பி ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகும் பயிர். தேயிலைச் செடியில் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்க வேண்டும். எடுத்த கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் வாட்டப் போட வேண்டும். ஆண்டு முழுவதும் நிற்காமல் சரக்கு வருவதால் அதை நிற்காமல் விற்கவும் வேண்டியிருந்தது. அதற்கு வழி அமைத்தது இரயில் பாதை. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அது அடைந்தது. மாட்டு வண்டியில் நாட்கணக்கில் இறங்கிய சரக்கு அதன்பின் ஒரே நாளில் துறைமுகத்தைச் சேர்ந்தது.

ஆனால் சரக்கு போன வேகத்தில் விலை திரும்பி வரவில்லை. தொடக்கத்தில் தேயிலை லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டு, அங்கே மின்சிங் லேன் பகுதியில் ஏலம் போனது. தான் அனுப்பிய தேயிலை என்ன விலைக்குப் போனது என்பதும், அதில் என்ன குறை கண்டார்கள் என்பதும் டிக்கோயாவில் இருந்த துரைக்குத் தெரிய மாதங்கள் ஆயின. அதற்குள் தொழிற்சாலையில் அதே குறையோடு மேலும் பல தொகுதிகள் செய்து முடிந்திருக்கும்.

1883: கொழும்பில் ஒரு கூடம்

இந்த இடைவெளியைக் குறைக்கவே கொழும்பில் விற்கும் யோசனை எழுந்தது. இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தின் ஆதரவில், சொமர்வில் அன் கம்பனி என்ற தரகு நிறுவனத்தின் அலுவலகத்தில் 1883 ஜூலை 30 அன்று முதல் பொது விற்பனை நடந்தது. 1894இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைந்தது. விற்பவர், வாங்குபவர், தரகர் மூவரும் இருந்த அந்தச் சங்கமே ஏல விதிகளை வகுத்து நடத்தி வந்தது. பிற்காலத்தில் விற்பனை கொழும்பு 2இல் நவம் மாவத்தையிலுள்ள வர்த்தகச் சம்மேளனக் கட்டடத்துக்கு வந்தது. செவ்வாயும் புதனும் ஏல நாட்களாக நிலைத்தன.

லண்டன் ஏலம் உடனே ஒதுங்கிவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் அது நிறுத்தப்பட்டது. பிரித்தானிய அரசே தேயிலையை மொத்தமாக வாங்கிப் பங்கீடு செய்தது. மீண்டும் 1951இல் லண்டன் ஏலம் திறந்தபோது விளையும் நாடுகளின் ஏலங்கள் வளரத் தொடங்கியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்பு மேலோங்கியது. 1679இல் கிழக்கிந்தியக் கம்பனி தொடக்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29 அன்று மூடப்பட்டது. அன்று கடைசியாக விற்கப்பட்ட பெட்டி இலங்கையின் ஹெல்பொட தோட்டத்துத் தேயிலை. அறப்பணிக்காக விடப்பட்ட அந்த 44 கிலோ, கிலோ ஒன்று 555 பவுண் வீதம் போனது.

தூரத்திலிருந்து நடத்திய தொழில்

தோட்டத் தொழில் தொடக்கம் முதலே தொலைவிலிருந்து நடத்தப்பட்ட தொழில். பங்குதாரர்களும் இயக்குநர் சபையும் லண்டனில் இருந்தனர். அவர்களின் சார்பில் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனம் கணக்கு, கொள்வனவு, கப்பல் அனைத்தையும் பார்த்தது. 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் அவற்றில் மிகப் பழையது. முகவர் நிறுவனத்தின் சார்பில் ஆண்டுக்குச் சில முறை தோட்டத்துக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுபவர் விசிட்டிங் ஏஜெண்ட். தோட்டத்தில் இருந்தவர்கள் துரை, சின்னத்துரை, கணக்குப்பிள்ளை, கங்காணி. தோட்டத்துத் தபால்காரர் நாள்தோறும் அருகிலுள்ள தபாலகத்துக்கு நடந்து போய்ப் பையோடு திரும்புவார். அந்தப் பையில்தான் உத்தரவுகளும் விலை விவரங்களும் வந்தன.

நேரில் பார்க்காதவர்களை இணைத்தவை தாள்கள். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை இறாத்தல் எடுத்தார் என்பதைச் செக்ரோல் சொன்னது. தொழிலாளியின் கடனைக் குறிப்பிட்டு, அதைத் தீர்த்து அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களையே நகர்த்தியது. தொழிலாளியைக் கடனில் கட்டிவைத்த இந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. ஆள் மாறினாலும் முடிவு எடுக்கும் இடம் தோட்டத்துக்குத் தொலைவிலேயே இருந்தது.

மாதிரி, பட்டியல், சுத்தியல்

தூரத்தைக் கடக்க ஏலத்துக்கு இருந்த கருவி மாதிரி. தொழிற்சாலையில் தரம் பிரித்த தேயிலை தோட்டத்தின் பெயர், தரம், மூட்டை எண்ணிக்கை குறித்த ஒரு தொகுதியாகக் கொழும்பு களஞ்சியத்துக்குப் போகும். முன்பு மரப்பெட்டியில் போனது, இப்போது பல அடுக்குக் கடதாசிப் பைகளில் போகிறது. பிஓபி, பிஓபிஎப், பெக்கோ, டஸ்ட் என்று தரங்கள் பல. விளைந்த உயரமும் கணக்கில் சேரும். 1,200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 600 வரை தாழ்நிலம், இடைப்பட்டது நடுநிலம். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவை ஆகியவை தத்தம் சுவைக்குப் பேர்பெற்ற வட்டாரங்கள். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் திம்புள்ள வட்டாரத்தைச் சேர்ந்தவை.

ஏலத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே தரகர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுப்பார். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, அளவான தேயிலையில் கொதிநீர் ஊற்றி, நிமிடக் கணக்குப் பார்த்து வடித்து, கரண்டியில் அள்ளி ஓசையெழ உறிஞ்சித் துப்பி, நிறம், காரம், மணம் ஆகியவற்றைக் குறித்து ஒரு மதிப்பு விலை எழுதுவார். எல்லாத் தொகுதிகளும் அச்சிட்ட பட்டியலில் ஏறும். அதே மாதிரிகள் வாங்குவோரின் அலுவலகங்களுக்கும் போய், அங்கே அவர்களின் சுவைஞர்கள் மீண்டும் சோதிப்பார்கள். ஏல நாளில் வாங்குவோர் மண்டபத்துக்குக் கொண்டு போவது, ஓரங்களில் தத்தம் விலைக் குறிப்புகள் நிறைந்த அந்தப் பட்டியலைத்தான்.

ஆக, மண்டபத்தில் ஒரு தேயிலை இலைகூடக் கண்ணில் படாது. அங்கே நடந்ததெல்லாம் குரலும் பார்வையும்தான். யார் எந்த நாட்டுக்கு வாங்குகிறார், யாருக்குச் சரக்கு அவசரம், யார் விலையை ஏற்றிவிட்டு ஒதுங்குவார் என்பதை வாங்குவோர் ஒருவரையொருவர் பார்த்தே அறிந்தனர். தரகரும் கூட்டத்தின் முகம் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். விற்பனைக்குப் பின் தரகர் தோட்டத்துக்கு அனுப்பும் குறிப்பில் விலையோடு தேயிலையின் குறையும் இருக்கும். வாடியது போதாது, ரோதையில் அளவுக்கு மேல் உருண்டது, தீ கூடிவிட்டது என்பவற்றை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தொழிற்சாலை அதிகாரி திருத்தினார்.

ஏலம் ஒரு விற்பனை இடம் மட்டுமன்று; மற்ற கணக்குகளுக்கெல்லாம் அடித்தளம். சிறுதோட்ட உரிமையாளருக்குப் பச்சைக் கொழுந்தின் விலையை இலங்கைத் தேயிலைச் சபை இந்த ஏலச் சராசரியிலிருந்தே கணித்தது. அந்தச் சூத்திரத்தில் விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கும், 32 சதவீதம் தொழிற்சாலைக்கும் உரியது. பெருந்தோட்டக் கம்பனிகள் மாதச் சம்பளத்துக்குப் பணம் திரட்டுவதும் இந்த விற்பனையை நம்பியே. ஒரு வாரம் ஏலம் நின்றால் சரக்குக்கு விலை இல்லை. சரக்குக்கு விலை இல்லாதபோது கொழுந்துக்கும் விலை இல்லை.

கணினி ஏலம் என்ற பேச்சு கொழும்பில் பல ஆண்டுகளாக இருந்தது. தமிழ்நாட்டின் குன்னூரில் டீசர்வ் என்ற மின்னணு ஏலம் 2003இலேயே தொடங்கியது. இந்தியத் தேயிலை வாரியம் தன் ஏல மையங்களை 2008 முதல் மின்னணு முறைக்கு மாற்றியது. கொழும்பு வர்த்தகர்கள் மட்டும் மண்டபத்தை விடத் தயங்கினர். மிகுந்த வேகத்தில் நடக்கும் ஒரு முறை நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கையில் அதை மாற்ற வலுவான காரணம் இருக்கவில்லை.

2020 மார்ச்

காரணம் 2020இல் வந்தது. மார்ச் 11 அன்று இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் முதன்முதலாகக் கொவிட்-19 உறுதியானது. 13ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. மற்ற மாவட்டங்களில் அவ்வப்போது தளர்த்தப்பட்டாலும் கொழும்பில் அது வாரக்கணக்கில் தொடர்ந்தது. நெருங்கி அமர்ந்து உரத்துக் கூவும் மண்டபமும், ஒரே வரிசைக் கோப்பைகளில் பலர் உறிஞ்சித் துப்பும் சுவைக்கூடமும் அந்த நோய் பரவ ஏற்ற இடங்கள். ஏலம் நின்றது.

காலமும் மோசமானது. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ள, நுவரெலியாப் பகுதிகளில் வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் சேர்ந்து தேயிலைக்குச் சிறந்த மணம் தரும் பருவம். ஆண்டின் நல்ல விலை கிடைக்கும் அந்தப் பருவத்துச் சரக்கு களஞ்சியங்களில் கிடந்தது. வைத்திருக்க வைத்திருக்கத் தேயிலையின் மணம் மங்கும்.

மறுபுறம் மலையில் செடி துளிர்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் எடுக்காமல் விட்டால் கொழுந்து முற்றிவிடும். பிறகு கவ்வாத்து வெட்டித்தான் செடியைச் சீராக்க வேண்டும். எனவே பெருந்தோட்ட வேலையை ஊரடங்கிலும் தொடர அரசு அனுமதித்தது. இந்தியாவில் நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கே ஏலம் ஏற்கனவே கணினியில் நடந்தது. ஆனால் மார்ச் 25 முதல் வந்த முடக்கத்தில் அசாம், மேற்கு வங்கத் தோட்டங்கள் மூடப்பட்டன. டார்ஜிலிங்கின் விலையுயர்ந்த முதல் பறிப்பில் பெரும்பங்கு செடியிலேயே வீணானது. இலங்கையில் தோட்டம் திறந்திருந்தது, விற்கும் இடம் மூடியிருந்தது.

சில நாளில் ஒரு மென்பொருள்

பல ஆண்டுகள் இழுபட்ட மாற்றம் சில நாட்களில் நடந்தது. தேயிலைச் சபையும் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கமும் தரகர்களும் சேர்ந்து, உள்நாட்டு மென்பொருள் நிறுவனமான சிக்ரா சொலூஷன்ஸ் வழியே ஏலத் தளம் ஒன்றை உருவாக்கின. 2020 ஏப்ரல் 4 சனிக்கிழமை அதில் முதல் விற்பனை நடந்தது. வாங்குவோர் தம் வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விலை கேட்டனர்.

மண்டபத்தின் வழக்கங்களை நிரலாக எழுதுவது எளிதன்று. கூடத்தில் எழுதாமலே எல்லோரும் அறிந்திருந்த ஒவ்வொன்றும் இங்கே விதியாக வேண்டும். பட்டியலின் ஆயிரக்கணக்கான தொகுதிகள் வரிசை மாறாமல் திரைக்கு வர வேண்டும். பதிவு பெற்றவர் மட்டும் நுழைய வேண்டும். ஒரு விலைக் கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு ஏற வேண்டும், எத்தனை நொடிக்குப் பின் விற்பனை முடியும், விற்பவர் எதிர்பார்க்கும் விலை வராவிட்டால் தொகுதி என்னாகும் என்பவற்றுக்கெல்லாம் விடை வேண்டும். ஒருவரின் இணையம் இடையில் அறுந்தால் அவர் கேட்ட விலை நிற்குமா என்ற கேள்வி மண்டபத்தில் எழுந்ததே இல்லை. சுத்தியல் விழுந்த கணத்தை எல்லோரும் கேட்டார்கள். திரையில் அந்தக் கணத்தைக் கணினிக் கடிகாரம் தீர்மானிக்கிறது.

கணினிக்கு மாறாத பகுதியும் இருந்தது. மாதிரி எடுத்தல், வண்டியில் கொண்டு சேர்த்தல், கோப்பையில் சுவைத்தல் ஆகியவை கையாலும் நாக்காலும் நடக்க வேண்டியவை. தேயிலை ஏலம் அவ்வளவு விரைவாகத் திரைக்கு மாற முடிந்ததற்கும் இந்த மாதிரி முறையே காரணம். சரக்கைப் பாராமல், மாதிரியையும் பட்டியலையும் நம்பி வாங்கும் பழக்கம் 1883 முதலே வேரூன்றியிருந்தது. மண்டபத்தில் எஞ்சியிருந்தது குரல் மட்டுமே, மென்பொருள் அந்த இடத்தைத்தான் நிரப்பியது. கென்யாவின் மொம்பாசா ஏலமும் அதே ஆண்டில் மின்னணு முறைக்கு மாறியது.

தோட்டத்தில் ஊரடங்கு

மலையில் வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சுக்கு இடமில்லை. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது, நிரை பிடித்து மலை ஏறுவது, கொழுந்து நிறுவைக்கு வரிசையில் நிற்பது என்று நாள் முழுவதும் கூட்டமாகவே நடக்கும் வேலை அது. பெரட்டுக்களத்திலும் நிறுவை இடத்திலும் இடைவெளி விட்டு நிற்பது, முகக்கவசம், கைகழுவத் தண்ணீர் என்று புதிய ஒழுங்குகள் வந்தன. நிரையில் செடிகளின் இடைவெளி ஓரளவு பாதுகாப்புத் தந்தது. லயத்தில் அது கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் சுவரோடு சுவராக ஒட்டிய வரிசையில், ஒரே குழாயையும் கழிப்பறையையும் பல குடும்பங்கள் பகிரும் இடத்தில், தனித்திருத்தல் என்ற அறிவுரை நடைமுறைக்கு ஒவ்வாதது.

கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்த மலையக இளைஞர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினர். திரும்ப முடியாமல் நகரத்தில் அகப்பட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 14 தீபாவளியை ஒட்டி, இரண்டாம் அலையின்போது, மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுவது தடுக்கப்பட்டது. பலரால் பண்டிகைக்கு மலையேற முடியவில்லை.

இணையத்தின் ஏற்றத்தாழ்வு பாடசாலைப் பிள்ளைகளிடம்தான் வெளிப்படையாகத் தெரிந்தது. நாட்டின் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளில் கணினி உள்ள வீடுகளின் விகிதம் தோட்டத்தில்தான் மிகக் குறைவு. ஒரே கைப்பேசியை வீட்டிலுள்ள பிள்ளைகள் பங்குபோட்டுக்கொண்டனர். மலைமடிப்புகளில் அலைவரிசை கிடைக்காத லயங்களின் பிள்ளைகள் உச்சி தேடிப் போய்ப் பாடம் பெற்றனர். அந்த மலைகளின் தேயிலை கொழும்புத் திரையில் நொடிகளில் கைமாறிய அதே மாதங்கள் அவை.

பின்விளைவு

ஊரடங்கு தளர்ந்த பின்னும் ஏலம் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. மின்னணு முறையே நிலையானது. கேட்கப்பட்ட ஒவ்வொரு விலையும் பதிவாகிறது; எந்தத் தொகுதிக்கு எத்தனை பேர் போட்டியிட்டனர் என்பதை விற்பவர் பின்னர் அறியலாம். விலை தோட்டத்துக்கு உடனே தெரிகிறது. முகம் பார்த்துச் சந்தையைக் கணித்த பழைய திறமைக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. 2019இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2020இல் சுமார் 27.8 கோடியாகக் குறைந்தது. அதில் ஆண்டுத் தொடக்கத்து வறட்சிக்கும் பங்கு உண்டு. ஏலம் நீண்ட நாள் நின்றுவிடாததால் அந்த உற்பத்தி விற்றுத் தீர்ந்தது.

விற்பனையின் இந்த வேகம் கூலியில் எதிரொலிக்கவில்லை. 2015 முதலே தொழிலாளர் கேட்டுவந்த நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் தீராமல், 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியே வர்த்தமானியில் வந்தது. அதன்பின் அந்த நாட்சம்பளத்துக்கு எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பது தோட்டங்களில் புதிய தகராறானது.

இவ்வாறு, லண்டன் மாதக்கணக்கில் தந்த விலையைக் கொழும்பு மண்டபம் வாரக்கணக்குக்குச் சுருக்கியது. திரை அதை நொடிக்குச் சுருக்கியது. ஒவ்வொரு முறையும் குறைந்தது, தேயிலையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான தூரம். செடியிலிருந்து கொழுந்து கூடைக்கு வரும் முதல் படி 1883இலும் 2020இலும் ஒரே விதமாக, மலையில் நிற்கும் பெண்ணின் விரல்களிலேயே இருந்தது. அன்று அவரது நாளைக் கணக்கிட்டது இறாத்தல், இன்று கிலோ.